பொட்டலத்தின் மேல் பெயர் எழுதுங்கள்: காரைக்குடி வட்டார நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஐயாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீங்கள் மடித்துக் கொடுக்கும் பொட்டலத்தின் மேல், உள்ளே இருக்கும் சரக்கு என்ன என்று எழுதிக் கொடுங்கள். இடித்துக் கலந்து கொடுத்தால் என்னென்ன கலந்தீர்கள் என்று எழுதுங்கள். கொடுப்பதற்கு முன்னால், "ஆஸ்பத்திரி மருந்து ஏதும் ஓடுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் மீதி மடல்.

உங்கள் கடைகளை மூடச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் உரைமருந்துக்கு ஜாதிக்காயும் மாசிக்காயும் வசம்பும் உங்களிடமிருந்துதான் வருகின்றன. பிள்ளை பெற்றவளுக்கு இடிக்கிற மருந்துச் சாமான், மழைக்காலத்து ரசத்துக்குக் கண்டந்திப்பிலி, எல்லாம் உங்கள் டப்பாக்களிலிருந்து வந்தவை. ஆச்சிமார் சீட்டே இல்லாமல் வந்து நின்று "பிள்ளைக்கு மாந்தம்" என்று மட்டும் சொன்னால் போதும், எந்த டப்பாவைத் திறக்க வேண்டும் என்று உங்கள் கைக்கே தெரியும். அந்தக் கைப்பழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் சுகாதாரத் துறைக்கு மனுப் போடாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்போது உங்கள் கடைக்கு வருகிற வீடுகளில் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டிருக்கும் பெண்களின் வீடுகளும் இருக்கின்றன. அவர்களே நேரில் வருவது குறைவு. மகனோ மருமகளோ வருவார்கள். "வீட்ல ஒருத்தருக்கு உடம்பு தேறணும்" என்பார்கள். நோயின் பெயர் வாயில் வராது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண் வீட்டில் இருந்தால் சுத்தமாக வராது. தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமோ என்று வரன் தட்டிப்போகும் என்ற பயம் நம் ஊரில் எத்தனை வாயை அடைத்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடம். 2022இல் மட்டும் ஏறக்குறைய 1,92,000 பேருக்குப் புதிதாக வந்திருக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. அதில் நம் பக்கத்துப் பெண்கள் மட்டும் இல்லாமலா போவார்கள்?

எங்கள் சின்னாத்தா அவர்களில் ஒருவர். வைத்தியம் மதுரையில். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. முதலில் சிவப்பு மருந்து. ஏற்றிய அன்று சிறுநீரே சிவப்பாகப் போகும், பார்த்தால் ரத்தம் என்று பதறிவிடுவோம், மருந்தின் நிறம்தான். ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து அணுக்களின் எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு தடவை ஈரல் கணக்கு ஏறியிருந்தது. அன்றைக்குக் கீமோ கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"வேற ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுச் சாப்பாடுதான்" என்றார் சின்னாத்தா.

வீட்டுக்கு வந்து, இரண்டாங்கட்டில் அவர் துணிமணி வைக்கும் பெட்டியைத் திறந்தால் ஒரு மஞ்சப்பை. உள்ளே ஐந்து பொட்டலம். ஒன்றில் காய்ந்த இலை, மற்ற நான்கும் பொடி. பழைய செய்தித்தாளில் மடித்து நூல் சுற்றியது. எதன் மேலும் ஒரு எழுத்து இல்லை. "காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு, இலையைக் கொதிக்க வச்சுக் குடிக்கிறேன்" என்றார். எந்த ரெண்டு என்று கேட்டேன். மடிப்பை வைத்து அடையாளம் வைத்திருந்தார்.

அடுத்த தடவை அதை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோனோம். திட்டப்போகிறார் என்று சின்னாத்தா முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் திட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். "இது என்ன?" என்றார். "மூலிகை." "மூலிகைன்னா எது?" எங்களுக்குத் தெரியவில்லை. "பேர் தெரிஞ்சா இந்த மருந்தோட சேருமா சேராதான்னு தேடிப் பார்த்துச் சொல்லலாம். பேரே இல்லாததை நான் எதுல போய்த் தேடுறது?" என்று கேட்டுவிட்டுப் பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

பதில் உங்களில் ஒருவரிடம்தான் கிடைத்தது. பெரியவர். பொடியை உள்ளங்கையில் கொட்டி, டியூப்லைட் வெளிச்சத்தில் விரலால் பரத்தி, நுனி நாக்கில் வைத்துத் துப்பினார். முதல் பொட்டலம் அமுக்கரா. இரண்டாவது சீந்தில். மூன்றாவது அதிமதுரம், அதற்கு நாக்கே தேவைப்படவில்லை, வாசனை போதும் என்றார். இலை முள்சீத்தா. ஐந்தாவதைக் கையில் வைத்து இரண்டு தரம் எடை பார்த்தார். "இது வேர்ப்பொடி மட்டும் இல்லம்மா. கையளவுக்கு இந்தக் கனம் வராது. ஏதோ பற்பம் சேர்ந்திருக்கு. எங்க வாங்குனது?" பற்பம் என்றால் உலோகத்தையோ தாதுவையோ புடம் போட்டு எடுக்கும் பொடி. உறவுக்காரர் ஒருவர் வேறு ஊரில் ஒரு வைத்தியரிடம் வாங்கிக் கொடுத்தது அது. பெரியவர் நான்கின் மேலும் தன் கையெழுத்தில் பெயர் எழுதினார். ஐந்தாவதைச் சாப்பிட வேண்டாம் என்று தனியாக எடுத்து வைத்தார். அவர் எழுதிய அந்த நான்கு பெயரும் இப்போது சின்னாத்தாவின் பைலில் இருக்கின்றன. எல்லாக் கடையிலும் இது நடக்கலாமே என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

எல்லாவற்றையும் நிறுத்தியதும் ஈரல் கணக்கு இறங்கியது. பொடிதான் காரணம் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை, நானும் செய்யமாட்டேன். கீமோவே ஈரலைப் பாதிக்கும். பொடியும் பாதிக்கலாம். எது செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போவதுதான் உண்மையான நட்டம். வீட்டில் ஓடும் பொடியைப் பற்றி டாக்டருக்குத் தெரியாவிட்டால், கீமோ இந்த உடம்புக்குத் தாங்கவில்லை என்று முடிவு கட்டி அளவைக் குறைப்பார், அல்லது தள்ளிப்போடுவார். கட்டிக்குப் போக வேண்டிய மருந்து குறைந்துபோகும். உடம்பு தேறுவதற்காகச் சாப்பிட்டது, உடம்பைத் தேற்ற வேண்டிய மருந்தையே குறைத்துவிடும்.

சீந்தில் விஷயத்தை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்தி என்று ஊரே கசாயம் காய்ச்சியது. 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதித்ததாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. அந்த நோயாளிகள் சாப்பிட்டது சீந்தில்தானா, அதைப் போலவே இருக்கும் வேறு கொடியா என்று ஆய்வு செய்யாமல் எழுதியிருக்கிறார்கள் என்றது. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் அமைச்சகமே கேட்ட கேள்வி, "சாப்பிட்டது எது?" என்பதுதானே! பெயர் எழுதாத பொட்டலத்தை வைத்துக்கொண்டு அதற்கு எப்படிப் பதில் சொல்வது?

அமுக்கராவுக்கும் ஈரல் பாதிப்புச் செய்திகள் உண்டு. அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். சாதாரண நாளில் தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு வாயில் அடக்கினால் ஒன்றும் ஆகாது. கீமோவில் வாந்தியும் பேதியுமாகப் போய், ஏற்கெனவே பொட்டாசியம் குறைந்து கிடக்கும் பெண்ணுக்கு அது வேறு கணக்கு. அந்தச் சிவப்பு மருந்தே இதயத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. முள்சீத்தாவோ முழுக்க முழுக்க வாட்ஸ்அப் தயவில் பிரபலமானது. கீமோவை விடப் பல்லாயிரம் மடங்கு சக்தி என்று வரும் செய்தி, சோதனைக் குழாயில் வளர்த்த செல்களைப் பற்றியது. மனிதர்களிடம் அப்படி நிரூபணம் எதுவும் கிடையாது. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் அந்தப் பழமும் இலைக் கசாயமும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் நடுக்குவாதம் மாதிரியான நரம்பு நோய் அதிகம் தெரிந்தது என்பதை எந்த வாட்ஸ்அப் செய்தியும் சொல்வதில்லை.

அந்தக் கனமான ஐந்தாவது பொட்டலத்துக்கு வருகிறேன். பற்பமும் செந்தூரமும் சித்த மருத்துவத்தில் முறையான மருந்துகள்தாம். உரிமம் பெற்ற கம்பெனி மருந்தாக இருந்தால் டப்பாவின் மேல் என்னென்ன சேர்ந்தது, எவ்வளவு என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். செய்தித்தாளில் மடித்து வரும் பொடிக்கு அந்தக் காவல் இல்லை. 2008இல் அமெரிக்காவில் இணையம் வழியாக விற்ற ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. லேபிள் ஒட்டி வந்ததன் நிலைமையே அது.

"அப்படியானால் எங்கள் கடையில் எதையுமே வாங்கக்கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. இஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கீமோவின் குமட்டலுக்கு இஞ்சி உதவுமா என்று அமெரிக்காவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள். வாந்தி மாத்திரையோடு சேர்த்து, ஒரு நாளைக்கு அரை கிராமோ ஒரு கிராமோ இஞ்சிப்பொடி சாப்பிட்டவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. அதைவிடக் கூட்டிக் கொடுத்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதை உங்களைவிட யாருக்குத் தெரியும்? சின்னாத்தாவின் டாக்டரும் சுக்குக் காபிக்குத் தடை போடவில்லை. ஆப்பரேசனுக்கு முன்னால் மட்டும் எந்தப் பொடியானாலும் நிறுத்திவிட்டுச் சொல்லச் சொன்னார். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் சரக்குகள் உண்டு என்பதற்காக.

மஞ்சளையும் அப்படியே பாருங்கள். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆனால் ஆப்பரேசனும் கீமோவும் கரண்டு வைப்பதும் (கதிர்வீச்சு) முடிந்த பிறகு பல பெண்களுக்கு டமாக்சிபென் மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் ஓடும். அந்த மாத்திரையை ஈரல்தான் வேலை செய்யும் மருந்தாக மாற்றுகிறது. மஞ்சள் சத்தை மிளகுச் சத்தோடு சேர்த்து அதிக அளவில் கொடுத்தபோது, அப்படி மாறி ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு குறைந்தது என்று நெதர்லாந்தில் 2019இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. மாத்திரையை விழுங்கிக்கொண்டே அதன் பலனைக் குறைத்துக்கொள்வது யாருக்கு லாபம்? இது கீமோவைப் போல மூன்று வாரக் கணக்கு இல்லை, வருடக்கணக்கு. தலைமுடி வளர்ந்து, ஆள் பழையபடி கோயில் குளம் என்று நடமாடுவார். பார்த்தால் நோயாளி என்று தெரியாது. அதனால்தான் ஆளைப் பார்த்து முடிவு செய்யாமல், கேட்கச் சொல்கிறேன்.

கீமோ என்றால் ஏதோ ரசாயனம், நம்முடையது இயற்கை என்று பேசுவார்கள். சின்னாத்தாவுக்குச் சிவப்பு மருந்து முடிந்த பிறகு ஏற்றிய பாக்ளிடாக்சல், அமெரிக்காவின் மேற்குப் பக்கம் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து கண்டுபிடித்தது. மார்பகப் புற்றுநோய்க்கு 1994இல் அங்கே அனுமதி கிடைத்தது. நம் ஊரணிக் கரையிலும் சுடுகாட்டுப் பக்கமும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த மருந்து, உலகம் முழுக்க ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு ஏறுகிறது. பட்டையையும் செடியையும் அப்படியே காய்ச்சிக் குடிப்பது ஆபத்து, விஷம் அவை. பிரித்து, சுத்தம் செய்து, உயரமும் எடையும் பார்த்து மில்லிகிராமில் கணக்கிட்ட பிறகே மருந்தாயின.

உங்களில் சிலர் கடை வாசலில் "கேன்சர் குணமாகும்" என்று போர்டு வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலானோர் வைக்கவில்லை, அவர்களுக்கு நன்றி. வைத்தவர்களுக்குச் சொல்கிறேன்: புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதே 1954இல்தான் நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். போர்டைச் சட்டத்துக்குப் பயந்து கழற்றினாலும் சரி, அந்த அம்மாவுக்கு மரியாதையாகக் கழற்றினாலும் சரி.

போர்டு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், கூடச் சாப்பிடுவதை விட, பொடியை நம்பி ஆஸ்பத்திரி வைத்தியத்தை விட்டுவிடுவதுதான் ஆளைக் கொல்கிறது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017, 2018 ஆண்டுகளில் இரண்டு ஆய்வுகள் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரி வைத்தியத்தை முழுவதும் ஒதுக்கி மாற்று வைத்தியம் மட்டும் செய்துகொண்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கு, இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். இரண்டாவது ஆய்வு, இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டவர்களைப் பற்றியது. அவர்களுக்கும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. நோண்டிப் பார்த்தால், அவர்களில் பலர் ஆப்பரேசனையோ கீமோவையோ கரண்டையோ ஹார்மோன் மாத்திரையையோ மறுத்தவர்கள். பெரும்பாலான வித்தியாசத்துக்கு அதுவே காரணம். ஆக, வைத்தியத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் முக்கியம். உங்கள் வாயிலிருந்து வரும் "கீமோவை விட்றாதீங்க, இது கூடத்தான்" என்ற ஒரு வார்த்தைக்கு, எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் டாக்டர் சொல்வதைவிட மதிப்பு அதிகம்.

இன்னொன்று இருக்கிறது. சொல்லக் கூச்சமான விஷயம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "நெஞ்சுல ஒரு கட்டி, பற்றுப் போட ஏதாவது கொடுங்க" என்று யாராவது வந்தால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சுக்குப் பயந்து, பற்றுப் போட்டுப் போட்டுக் கட்டி உடைந்து புண்ணான பிறகு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்காமல் எந்தக் கட்டி என்று யாருக்கும் தெரியாது. பார்த்தால் பரவும் என்பதும் பொய். கெட்ட கட்டி பல சமயம் வலிக்காது. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை செலவு அதில் போகும் என்று சொல்லி அனுப்புங்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், அரசு மருத்துவமனையிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் அங்கே பார்ப்பார்.

கேட்கும்போது நோயின் பெயரைக் கேட்கவேண்டாம். கடையில் நாலு பேர் நிற்பார்கள், அதில் ஒருவர் எங்கள் பங்காளியாக இருப்பார். "ஆஸ்பத்திரி மருந்து ஓடுதா?" என்றால் சர்க்கரையும் இருக்கலாம், பிரஷரும் இருக்கலாம், யாருக்கும் முகம் சுண்டாது. ஆமாம் என்றால், சரக்கின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, "இந்தச் சீட்டை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அப்புறம் தர்றேன்" என்று அனுப்புங்கள். அன்றைக்கு நூறோ இருநூறோ வியாபாரம் போகும், தெரியும். அருகம்புல் சாறு மாதிரிப் பச்சையாக அரைத்துக் குடிப்பவற்றை மட்டும் கீமோ ஓடும்போது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கீமோ ஏற்றிப் பத்துப் பதினைந்து நாளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். சரியாகக் கழுவாத புல்லிலிருந்து வரும் கிருமியே அப்போது காய்ச்சலில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும்.

டாக்டர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. கேட்டதும் எரிந்து விழும் டாக்டரிடம் எந்த ஆச்சியும் உண்மையைச் சொல்லமாட்டார். அது வேறு மடல்.

சீட்டைப் பற்றி: எங்கள் வளவுக்காரர்கள் செலவை ஏற்று, காரைக்குடியில் கட்டுக்கட்டாக அச்சடித்து வைத்திருக்கிறோம். உள்ளங்கை அளவு. சரக்கின் பெயர், எடை, தேதி, கடையின் போன் நம்பர் என்று நான்கு கோடு. கலவை மருந்துக்கு எழுதுவதற்காகப் பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். எங்கள் பெயரோ விளம்பரமோ அதில் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு கடையாகக் கொண்டுவருகிறோம். வேண்டாம் என்பவர்கள் தங்கள் பில் புத்தகத்திலேயே எழுதிக் கொடுத்தாலும் போதும்.

இப்படிக்கு,
சின்னாத்தாவின் பைலைச் சுமந்துகொண்டு போகும் மகள்,
கோட்டையூர்